ஏரா மாறாத வள்ளம்

அன்புள்ள ஐயா,

நான் மண்டபம் பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற தை மாதம் எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினோம். தத்துவ அறிமுக நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்தோம். முதல் வாரம் 11 பேர் வந்தார்கள், ஐந்தாம் வாரம் 3 பேர். முன்பு படகு வைத்திருந்த பெரியவர் ஒருவர் இரண்டாம் வாரமே, “இதெல்லாம் தெரிஞ்சு என்னம்மா ஆகப் போவுது?” என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதன் பிறகு அவர் வரவில்லை. எங்களைப் போன்ற சாதாரண வாசகர்கள் எந்தப் புத்தகத்தில் தொடங்க வேண்டும்? இந்தியத் தத்துவத்திலா, மேலைத் தத்துவத்திலா? தாயுமானவரைப் போன்றவர்கள் எளிமையாகப் பாடியதை இன்று எழுதுபவர்கள் ஏன் கலைச்சொற்களால் கடினமாக்குகிறீர்கள்? கலைச்சொல்லே இல்லாமல் ஒரு தொடர் எழுத உங்களால் முடியாதா?

ர., மண்டபம்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் தாய்மாமன் வீட்டு அடுக்களைக் கதவு என் எழுத்தறைக்கு வந்து சேர்ந்தது. தேவிபட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நினைவுக்கு எதையாவது எடுத்துக்கொள் என்றபோது நான் கதவைக் கேட்டேன். விறகுக்குக்கூட ஆகாததைக் கேட்கிறானே என்று சிரித்தார்கள். நான்கே பலகைகள். ஓரங்களில் வரிசையாக ஆணித் துளைகள், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துருவின் கறுப்பு வளையம், ஒரு மூலையில் சுரண்டியும் போகாத நீலச் சாயம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அதைத் தொட்டால் விரல் ஈரமாகும், நாவில் வைத்தால் கரிக்கும். கடலை விட்டுக் கரையேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பலகைகள் உப்பை விடவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை.

இந்தியத் தத்துவமா மேலைத் தத்துவமா என்ற கேள்வி மண்டபத்தில் இருப்பவர் கேட்கக் கூடியதே இல்லை. உங்கள் ஊரில் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். காற்று எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்களின் நடுவில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்கள்.

தாயுமானவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய சமாதி உங்களுக்குப் பக்கத்தில், இராமநாதபுரத்தில் இலட்சுமிபுரத்தில்தான் இருக்கிறது. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு அவருடைய கண்ணிகளின் வழியைப் பின்பற்றி இறைவனை ரகுமானே என்று விளித்துப் பாடினார். இரண்டு அடியில் முடிந்துவிடும் கண்ணியை எழுத்தறியாதவரும் பாடலாம் என்பது சரிதான். ஆனால் தாயுமானவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘சும்மா இருத்தல்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிற தமிழர் எவரும் இல்லை. அந்தச் சொல் சுட்டுகிற நிலையோ, நாவுக்குப் பழகியதனாலேயே நமக்குப் புரிந்துவிட்டது போலத் தோன்றிக்கொண்டிருக்கிறது. புரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்றாவது பார்ப்பார். புரிந்துவிட்டதாகத் தோன்றும் சொல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். எளிமை என்று நீங்கள் கேட்பது இரண்டாவது வகையோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

‘எங்களைப் போன்ற சாதாரண வாசகர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். நகைக்கடையில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று தசம புள்ளி வரை வாதாடுகிறவர்களும், கடனுக்கு அசல் எவ்வளவு கழிந்தது, வட்டி எவ்வளவு கழிந்தது என்று பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்கிறவர்களும், ஜிபிஎஸ் கருவியில் பாயிண்டைக் குறித்து வைத்து இருட்டில் வலையைத் தேடி எடுக்கிறவர்களும் தத்துவம் என்றதும் திடீரென்று சாதாரணமானவர்களாகிவிடுவது அடக்கத்தினால் என்று நான் நம்பவில்லை. அது உழைப்பிலிருந்து தப்பிப்பதற்கான வழி. மாணவர் ஒருவர் உங்களிடம் வந்து, “டீச்சர், நான் சாதாரணப் பையன், எனக்குப் பின்னம் வேண்டாம்” என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா?

கதவுக்கு வருகிறேன். அது முதலில் என் மாமாவின் வள்ளமாக இருந்தது. கல்யாணமான மறு வருடம் அத்தையின் இரட்டைவடச் சங்கிலியை விற்று வாங்கிய வள்ளம் அது. ஆண்டுதோறும் கரையேற்றும்போது படகு கட்டும் தச்சரான ஓடாவி வந்து தட்டிப் பார்த்து, புழு துளைத்த பலகை இரண்டைக் கழற்றிப் புதிதாக வைப்பார். அடுத்த ஆண்டு மூன்று மாறும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கும் ஓசை காலையிலிருந்து மாலை வரை கேட்டுக்கொண்டிருக்கும். கழற்றிய பலகைகளை எரிக்க அத்தை விடவில்லை. அவற்றில் நல்லதாகத் தேறிய நான்கைத் தேர்ந்து அதே ஓடாவியிடம் சொல்லி அடுக்களைக்குக் கதவு போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் கதவு என்ற சொல்லே கிடையாது. “டேய், வள்ளத்தச் சாத்திட்டு வாடா, பூனை வந்துரும்” என்பாள்.

பலகைகள் எல்லாம் மாறி முடிந்த பிறகு மாமா வள்ளத்தை விற்றார். விசைப்படகு ஒன்றில் பங்கு வாங்குவதாகத் திட்டம். அத்தை தன் சங்கிலிக்கான பணத்தைக் கேட்டாள். மாமா சொன்ன பதில் எனக்கு இன்றும் காதில் ஒலிக்கிறது: “ஒன் நகையில வாங்குன பலகையெல்லாம் ஒன் அடுக்களையிலயும் கொல்லையிலயும்தான் இருக்கு. நான் வித்தது என் ஒழைப்புல போட்ட பலகை.” மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. நான்காம் நாள் அத்தை ஓடாவியை அழைத்து வந்து திண்ணையில் உட்காரவைத்து, கடுங்காப்பி கொடுத்து, வழக்கைச் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மாமாவைப் பார்த்து, “ஏராவ எப்பயாச்சும் மாத்துனமா?” என்று கேட்டார். மாற்றவில்லை என்றார் மாமா. “அப்ப அது ஆத்தா வள்ளந்தான். ஏரா மாறுனா வேற வள்ளம், வேற பேரு வைக்கணும். பலகை மாறுறது தோல் உரியுற மாதிரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏரா என்பது வள்ளத்தின் அடியில் முதுகெலும்பைப் போல நீளவாக்கில் ஓடும் கட்டை. அத்தைக்குப் பாதிப் பணம் கிடைத்தது.

கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் கழித்து இந்த வழக்கை மறுபடியும் சந்தித்தேன். ஏதென்ஸ் மக்கள் தங்கள் பழங்கதை வீரன் தீசியசின் கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை மாற்றிக்கொண்டே வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டதையும் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து அதே வரிசையில் மீண்டும் கப்பலாகக் கட்டினால் இரண்டில் எது பழைய கப்பல் என்று 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் கேட்டார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எந்தச் சொல்லும் கடினமாக இருக்கவில்லை. கேள்வி என்னுடையதாக இருந்தது. அதைக் கேட்டவர்தான் வெளியூர்க்காரர்.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமும் இந்த வழக்கைத் தொட்டிருக்கிறார். அவருடைய முதல் பெருநூல் 1739இலும் 1740இலும் வெளிவந்து அதிகம் கவனிக்கப்படவில்லை. அச்சகத்திலிருந்து செத்தே பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். குற்றம் விஷயத்தில் இருந்ததைவிடச் சொன்ன முறையில்தான் இருந்தது என்று கருதி, அதன் முதற்பகுதியை எளிமையாகவும் சுருக்கமாகவும் திருத்தி எழுதி 1748இல் வெளியிட்டார். நீங்கள் என்னிடம் கேட்பதை அவர் செய்தே காட்டினார், அழகாகவும் செய்தார். ஆனால் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பெரும்பகுதி மாறிவிட்ட கப்பலை நாம் ஏன் அதே கப்பல் என்கிறோம், பிறந்தது முதல் மாறிக்கொண்டே இருக்கும் நம்மை ஏன் அதே ஆள் என்கிறோம் என்று முதல் நூலில் அவர் எழுதிய பகுதி எளிய நூலில் இல்லை. எளிமைப்படுத்தியபோது கப்பலே காணாமல் போய்விட்டது. அந்தப் பழைய பகுதியின்படி, பலகை மாறினாலும் எல்லாப் பாகங்களும் ஒரே பயனுக்காகச் சேர்ந்து நிற்பதனால் நாம் அதை ஒரே கப்பலாகக் கொள்கிறோம். எனவே ஹியூம் வந்திருந்தாலும் தீர்ப்பு அத்தைக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கும். ‘அதே வள்ளம்’ என்பதே நம் மனம் கட்டிக்கொண்ட கற்பனை என்று கூடவே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அத்தை அவருக்குக் கடுங்காப்பி கொடுத்திருக்க மாட்டாள்.

கலைச்சொல்லே இல்லாமல் எழுத முடியாதா என்று கேட்டீர்கள். மேலே ஏரா என்று எழுதினேன், கலப்பத்து என்று எழுதினேன், ஓடாவி என்று எழுதினேன். கடற்கரைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இவை கலைச்சொற்கள்தாம். ஏரா என்ற சொல் இல்லாமல் ஓடாவியால் அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்க முடியுமா? மணிமேகலையின் 29ஆம் காதையில் தருக்கம் விரிவாகப் பேசப்படுகிறது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; புகை இருப்பதனால் என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. தருக்கத்துக்கு உதாரணம் தேடிய சாத்தனார் காட்டுவது அடுக்களையைத்தான் என்பதைக் கவனியுங்கள். அதே காதையில் ஏதுப்போலி, அதாவது காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம், என்று ஒரு பகுதி வருகிறது; அதில் ஒரு வகையின் பெயர் அநைகாந்திகம். பல்லை உடைக்கும் சொல், ஒப்புக்கொள்கிறேன்.

மாமா எனக்கு வள்ளத்தில் சொல்லிக்கொடுத்தது வேறு மாதிரி. ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தால் அங்கே மீன் மேய்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து நான் கத்தினேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “விசைப்படகுக்காரன் கழிசடை மீனக் கொட்டிட்டுப் போயிருக்கான். அதுக்கும் ஆலா எறங்கும்” என்றார். மீன் கூட்டம் உள்ள இடத்திலும் விழும், இல்லாத இடத்திலும் விழும் என்றால் பறவையை மட்டும் வைத்து மீன் உண்டு என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு பக்கமும் சாயக்கூடிய இந்த ஏதுவுக்குத்தான் அநைகாந்திகம் என்று பெயர். இப்போது அந்தச் சொல் அவ்வளவு கடினமாக இருக்கிறதா? முதலில் கடல், பிறகு பறவை, பிறகு ஏமாற்றம், கடைசியாகப் பெயர் என்று வந்திருந்தால் உங்கள் வட்டத்திலிருந்து 8 பேர் எழுந்து போயிருக்க மாட்டார்கள். அறிமுக நூல்களில் பெரும்பாலானவை முதல் பக்கத்திலேயே பெயரைக் கொடுத்துவிட்டு, கடலைக் கடைசி வரை காட்டாமலே முடிந்துவிடுகின்றன. நானும் அப்படிச் சில கட்டுரைகளை எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்துத் தூங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களை நான் உண்மையில் கடிந்துகொள்ள வேண்டியது வேறொன்றுக்காக. இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று அந்தப் பெரியவர் கேட்டார் அல்லவா? அந்த ஐந்து வாரங்களில் உங்கள் வட்டத்தில் எழுந்த ஒரே தத்துவக் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அறிவு எதற்கு, பயன் என்பது எது, ஒன்றைத் தெரிந்துகொள்வதனால் தெரிந்துகொண்டவரிடம் ஏதாவது மாறுகிறதா என்பவை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. படகை விற்றுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைக் கேட்கும்போது வேறொரு கனமும் அதில் சேர்ந்துகொள்கிறது: அறுபது ஆண்டுகளாகக் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் இனி என்ன ஆகும் என்று அவர் தன்னையே கேட்டிருக்கலாம். நீங்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள். அன்பானவர் நீங்கள், கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. அவருடைய மனம் புண்படக் கூடாது என்றுதான் சிரித்திருப்பீர்கள். ஆனாலும் ஆசிரியை ஒருவர் செய்யக் கூடாத காரியம் அது. அவர் புத்தகத்துக்கு இடைஞ்சலாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டீர்கள். உங்களுடைய 5 வாரத்துக்கும் போதுமான பாடத்தை அவர் ஒரே வரியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வரும் ஞாயிறு புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் மூன்று பேருமாக அவருடைய திண்ணைக்குப் போங்கள். அந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் உட்கார்ந்திருங்கள். எந்தப் புத்தகம் என்பதை அதற்குப் பிறகு எழுதிக் கேளுங்கள், சொல்கிறேன். எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருந்த நூலில் வரும் ஜெர்மானியர்களின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கும்; இவரைப் ‘பெரியவர் ஒருவர்’ என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்.