வசந்தம் வந்தும் துளிர்க்காத மரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சுற்றியுள்ள மரங்கள் எல்லாம் பச்சை கட்டிவிட்டன. என் மரம் மட்டும் குச்சியாக நிற்கிறது. பட்டுப்போய்விட்டதா?

பதில்: முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். அக்ரூட், மல்பெரி போன்றவை தாமதமாகத்தான் துளிர்க்கும். பீச், பிளம் பூத்து முடித்த பிறகும் மொட்டையாகவே நிற்கும்.

சரி, அந்த வகை இல்லையென்றால் பென்சில் பருமனுள்ள கிளையில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமாக, வெள்ளரித் தோலைச் சீவியதும் தெரியும் அந்த இளம்பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது, அவ்வளவுதான். மரமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. நுனியில் தொடங்கி அடிமரம் வரை நாலைந்து இடங்களில் சுரண்டிப் பாருங்கள். குச்சியை வளைத்தும் பார்க்கலாம். உயிருள்ளது வளையும், செத்தது படக்கென்று ஒடியும்.

பச்சை தெரிந்தால் கோடையின் நடுப்பகுதி வரை பொறுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு மல்பெரியை வெட்டிவிட்டேன். மூன்றே வாரத்தில் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர் வந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: போன இலையுதிர்காலத்தில் நட்ட கன்று. மொட்டு இருக்கிறது, விரியவில்லை. உரம் போடலாமா?

பதில்: வேண்டாம். வேர் திணறும்போது போடும் உரம் அதற்கு மேலும் சுமைதான். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வேர் பிரியும் இடத்தில் மரம் சற்று அகன்றிருக்க வேண்டும். நட்டுவைத்த கம்பு போல நேராக இறங்கினால் ஆழமாக நட்டிருக்கிறீர்கள், மேல்மண்ணை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், விரலை வேர்ப்பந்துக்குள், அதாவது கன்றோடு வந்த வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டைக்குள், விட்டுப் பாருங்கள். சுற்றி மண் ஈரமாக இருந்தும் வேர்ப்பந்து உள்ளே காய்ந்து கிடப்பது அடிக்கடி நடப்பதுதான். அப்படியானால் அடிமரத்தை ஒட்டி, மெதுவாக, நீண்ட நேரம் தண்ணீர் விடுங்கள். மாறாக, சேறாகி அழுகல் நாற்றம் அடித்தால் தண்ணீரை நிறுத்தி வடிகாலைக் கவனியுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் இலை விட்டிருக்கிறது.

பதில்: மொட்டையாக இருக்கும் பக்கத்தில் பள்ளம் தோண்டினீர்களா? வேர் அறுந்தால் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகள்தான் வாடும். அடிமரத்தை ஒரு வேர் சுற்றி இறுக்கினாலும் இப்படி ஆகும். இரண்டும் இல்லையென்றால் காய்ந்த கிளையைக் குறுக்காக அறுத்துப் பாருங்கள். உள்ளே கரும்பழுப்பு வளையமோ புள்ளிகளோ இருந்தால் வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. காய்ந்ததை வெட்டி, மரத்துக்குத் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வந்த தளிர் ஒரே இரவு உறைபனியில் கருகிவிட்டது.

பதில்: பயப்படாதீர்கள். பெரும்பாலான மரங்களில் உறங்கும் மொட்டுகள் உண்டு. சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். கருகியதை இப்போதே வெட்ட வேண்டாம்.

கேள்வி: குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனது. ஆப்பிள் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துளிர்க்கிறது.

பதில்: குளிர் போதவில்லை. பல ஆப்பிள் வகைகளுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 800 முதல் 1,000 மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டின் உறக்கம் முழுதாகக் கலையும். இந்த வருடம் ஒன்றும் செய்வதற்கில்லை. குளிர்காலம் தொடர்ந்து இப்படியே போனால் குறைந்த குளிர் போதும் வகையை நடுங்கள்.

கேள்வி: மேலே ஒன்றுமில்லை, அடியிலிருந்து மட்டும் தழைக்கிறது.

பதில்: ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் அடித்தளிர்களைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காத்திருங்கள். இல்லையென்றால், தழைப்பது நீங்கள் விரும்பி வாங்கிய மரம் அல்ல, அதை எதன் மேல் ஒட்டினார்களோ அந்த வேர்ச்செடி. அதில் அந்தப் பழம் காய்க்காது.