கிரேன் சங்கிலியில் போன இரண்டு விரல்கள்: "உன் கவனக்குறைவு" என்றால் இழப்பீடு இல்லையா?

கேள்வி: வயது 30. ஒரு ஃபேப்ரிகேஷன் ஆலையில் ஒப்பந்ததாரர் மூலம் ஃபிட்டர் வேலை. சம்பளம் 24,000 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. 2025 மார்ச்சில் கிரேனில் பீம் தூக்கும்போது, சங்கிலிக்கும் பீமுக்கும் நடுவே சிக்கி வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவை ஆலை கட்டியது. இப்போது, "கையுறை போடாதது உன் தப்பு. ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து நடந்தபோது இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாய். நீங்கள் அதற்கு மேல். எனவே உங்களுக்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது குழப்பினால், உங்கள் உரிமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

1923 சட்டத்தில் முதலாளி மேல் தவறு இருந்ததா என்ற கேள்வியே எழாது. வேலையின்போது, வேலையால் விபத்து நடந்திருந்தால் போதும். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கியது ஆகியவை மட்டுமே விலக்கு. கவனக்குறைவு "வேண்டுமென்றே" ஆகாது. கையுறை தந்தார்கள் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். தந்திருந்தாலும், டன் கணக்கில் எடை இறுக்கும் சங்கிலியைத் தோல் கையுறை என்ன செய்துவிடும்?

விரல் போவது பெரும்பாலும் சங்கிலியின் தொய்வு இறுகும் அந்த ஓரிரு விநாடியில்தான். கைகள் விலகினவா என்று பார்த்துச் சைகை காட்ட ஆள் இருந்தாரா, பெண்டென்ட் சுவிட்ச் (கிரேனை இயக்கும் தொங்கு சுவிட்ச்) யார் கையில் இருந்தது, பீமைத் திருப்பக் கயிறு கட்டினார்களா, கையால்தான் பிடிக்கச் சொன்னார்களா என்பதை இன்றே எழுதி வையுங்கள். அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 29-ஆம் பிரிவின்படி கிரேனையும் சங்கிலியையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதித்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஊழியர் இழப்பீட்டு ஆணையர் மூலம் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். "எல்லாம் உன் தப்பு" என்ற வாதம் அங்கேயே ஆட்டம் காணும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கிவிடுங்கள்.

கணக்குக்கு வருவோம். சம்பளம் 15,000-க்கு மேல் எவ்வளவானாலும் 15,000 என்றே எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான காரணி 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய்; இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணை இதில் 20 சதவீதம் என்கிறது: 3,74,364 ரூபாய். அத்துடன் நின்றுவிட வேண்டாம். இனி ஃபிட்டர் வேலையே செய்ய முடியாது என்று மருத்துவர் சான்று தந்தால் கூடுதலாகக் கேட்கலாம். இடது கையை இழந்த தச்சருக்கு முழு ஊனம் என்றே 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு மாதத்துக்குள் தராததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமின்றி இழுத்தடித்திருந்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. ஆலை கட்டிய மருத்துவச் செலவை இதில் கழிக்க முடியாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

"ஒப்பந்ததாரரைக் கேள்" என்று ஆலை கைகழுவினால், 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஆலையையே பொறுப்பாக்குகிறது. இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. சமரசத்துக்கு நீங்களே விரும்பினாலும் அது ஆணையரிடம் பதிவாக வேண்டும்.

முதலில் இருவருக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு மனு. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. 2027 மார்ச்சில் அந்தத் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.