லைஃப் ஜாக்கெட்டை எப்போது கழற்றலாம்? பாய்மரப் படகு: வாசகர் கேள்விகள்

சென்னையில் நண்பரின் படகில் வார இறுதிகளில் கடலுக்குப் போகிறேன். நன்றாக நீந்துவேன். காற்று பலமாக இருக்கும்போது மட்டும் லைஃப் ஜாக்கெட் போட்டால் போதாதா?

போதாது. காற்று பலமாகிப் பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். அப்போது யார் கீழே இறங்கி ஜாக்கெட்டைத் தேடி, பட்டைகளை இறுக்கி மாட்டிக்கொண்டு வருவது? கரையை விட்டுக் கிளம்பும்போதே எல்லோரும் போட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் எப்போது கழற்றலாம் என்று யோசியுங்கள். பகல் வெளிச்சம், இளங்காற்று, அலையில்லாத கடல், விழுந்தவரைத் திரும்பி வந்து தூக்கத் தெரிந்த இரண்டு பேராவது படகில். இத்தனையும் சேர்ந்திருந்தால் கழற்றுங்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி போட்டுவிடுங்கள்.

நீச்சலைப் பற்றி ஒரு கணக்கு. ஆறு நாட் வேகத்தில் போகும் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்கிறது. ஒருவர் பார்த்துக் கத்தி, இன்னொருவர் சுக்கானைத் திருப்புவதற்குள் இருபது நொடி போனால், நீங்கள் அறுபது மீட்டர் பின்னால் கிடப்பீர்கள். அலைக்கு நடுவே தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். பாயின் அடிக்கம்பு தலையில் அடித்து விழுந்திருந்தால் எந்த நீச்சலும் உதவாது. மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். 150 நியூட்டன் ஜாக்கெட், நினைவிழந்தவரையும் பெரும்பாலும் முகம் மேலே வரும்படி புரட்டிவிடும். 50 நியூட்டன் மிதவைச் சட்டையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

டிங்கி என்கிற சிறு பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். எனக்கும் 150 நியூட்டன்தான் வேண்டுமா?

வேண்டாம். டிங்கி கவிழும், நீங்கள் அதன் மேல் ஏறி நிமிர்த்த வேண்டும். அதற்கு நுரை வைத்த 50 நியூட்டன் சட்டைதான் சரி. பக்கத்தில் மீட்புப் படகு கட்டாயம் இருக்க வேண்டும்.

டொராண்டோவில் இருக்கிறோம். மே மாதத் தொடக்கத்தில் நல்ல வெயில் அடிக்கிறது. அப்போதும் ஏரியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேர்க்க வேண்டுமா?

ஆமாம். ஒண்டாரியோ ஏரியில் அந்த நேரத்தில் வெயில் மேலே மட்டும்தான். தண்ணீர் இன்னும் பனிக்காலத்திலேயே இருக்கிறது, பத்து டிகிரிக்கும் கீழே. உங்கள் ஊரில் குளிர்நீர் விபத்துகளுக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்லித்தருவார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஜாக்கெட் இல்லாதவர்கள் பலர் அந்த ஒரு மணி நேரம்வரை போவதே இல்லை. முதல் நிமிடத்தில் வாயைத் திறந்து மூச்சை இழுக்கும்போதே தண்ணீர் உள்ளே போய்விடுகிறது.

நானும் மனைவியும் மட்டும் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்கு இரவுப் பயணம் போகத் திட்டமிடுகிறோம். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கும்போது ஹார்னஸும் வேண்டுமா? எப்போது கொக்கியை மாட்டுவது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜாக்கெட் விழுந்தபின் உதவுவது. ஹார்னஸ் என்பது உடலில் கட்டும் பட்டை, கயிறும் கொக்கியுமாகப் படகோடு பிணைத்து விழாமல் வைத்திருப்பது. இருவர் மட்டும் போகும் படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழுந்தால், அது தெரியவே ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே இருட்டியபின் டெக்கில் இருக்கும் நேரமெல்லாம் கொக்கி மாட்டியிருக்க வேண்டும், சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும்தான். கேபின் படியிலிருந்து தலையை வெளியே நீட்டும் முன்பே, கைக்கெட்டும் வளையத்தில் மாட்டிவிட்டு ஏறுங்கள். கீழே இறங்கியபின் கடைசியாகக் கழற்றுங்கள்.

அனுபவம் மிகுந்தவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. பிரான்சின் எரிக் தபார்லி அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து ஜெயித்தவர். 1998 ஜூனில் ஓர் இரவு, ஐரிஷ் கடலில் பாய் மாற்றும்போது மரக்கம்பு அடித்துக் கடலில் விழுந்தார். ஹார்னஸும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. 2018 மார்ச்சில் உலகைச் சுற்றும் வோல்வோ கடற்போட்டியில் ஜான் ஃபிஷர் ஜாக்கெட் போட்டிருந்தார். ஒரு கயிற்றைச் சரிசெய்ய இடம் மாறும்போது கொக்கியைக் கழற்றியிருந்தார், அந்தச் சில நொடியில் பாய் எதிர்ப்பக்கம் வீச, அதன் கயிறு அவரை அடித்துக் கடலில் தள்ளிவிட்டது. இரண்டு கொக்கிக் கயிறு இதற்காகத்தான். புதிய இடத்தில் ஒன்றை மாட்டியபின்தான் பழையதை எடுக்க வேண்டும்.

கொக்கி மாட்டினால் மட்டும் ஆகிவிடாது, நீளமும் முக்கியம். 2011ல் இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரைக்கு அப்பால் ஒரு படகின் தலைவர் கயிற்றோடு விழுந்து, ஓடும் படகின் பக்கவாட்டில் இழுபட்டே மூழ்கி இறந்தார். அவரை டெக்கில் ஏற்றப் பதினாறு நிமிடம் ஆனது. தரக் கட்டுப்பாடு இரண்டு மீட்டர்வரை அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால், முன்பக்கம் வேலை செய்யும்போது ஒரு மீட்டர் கயிறுதான். காற்று வரும் பக்கத்தில், படகின் நடுவை ஒட்டி மாட்டுங்கள். விழுந்தாலும் டெக்கிலேயே விழ வேண்டும். கொக்கி மாட்டுவதற்காக டெக்கில் நீளவாக்கில் ஓடும் நாடாவை விளிம்போரமாகக் கட்டாதீர்கள்.

கொக்கி எங்கே உட்கார்கிறது என்றும் பாருங்கள். 2017ல் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியில் ஒருவரின் கொக்கி, கயிறு கட்டும் கிளீட்டுக்கு அடியில் சிக்கி, பக்கவாட்டு இழுவையில் வளைந்து விட்டுவிட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மாட்டியபின் ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் வரட்டும்.

கிளம்பும் முன் பகலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாளியை மிதவையோடு கட்டிக் கடலில் போட்டு, உங்கள் மனைவி தனி ஆளாகப் படகைத் திருப்பி எடுக்கட்டும். அப்புறம் நீங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால், கொக்கியைப் பற்றி வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

ஆறு வயதுப் பையனுக்கு எது வாங்குவது?

எடைக்கு ஏற்ற அளவில், கழுத்துப்பட்டை உள்ள, நுரை வைத்த ஜாக்கெட். வளருவான் என்று பெரிதாக வாங்காதீர்கள், தலைவழியே கழன்றுவிடும். கால்களுக்கு இடையே போகும் பட்டை கட்டாயம் வேண்டும். வாங்கியதும் நீச்சல் குளத்தில் போட்டு மிதக்கவிட்டுப் பழக்குங்கள். படகுத்துறையில் நடக்கும்போதே மாட்டிவிடுங்கள்.

தானாக ஊதும் ஜாக்கெட் வாங்கி இரண்டு வருடமாகிறது. ஒருமுறைகூட ஊதவில்லை. சரியாகத்தானே இருக்கும்?

திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு மாணவரின் ஜாக்கெட்டைப் பிரித்தேன். வெளியே புத்தம் புதிது. உள்ளே கேஸ் சிலிண்டர் இரண்டு விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. மடித்து மடித்து வைப்பதில் மரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. அன்று அவர் விழுந்திருந்தால் ஊதியிருக்காது. கையால் இறுக்கினேன், முக்கால் சுற்று போனது.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள். சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள், அதன் மேலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். துரு இருந்தாலோ எடை குறைந்தாலோ மாற்றிவிடுங்கள். வாய்க்குழாய் வழியே ஊதி ஓர் இரவு அப்படியே விடுங்கள், காலையில் தளர்ந்திருக்கக் கூடாது. தானியங்கிப் பகுதியில் காலாவதித் தேதி இருக்கும், தண்ணீர் பட்டதும் கரைந்து ஜாக்கெட்டை ஊதவைக்கும் உப்பு மாத்திரை வகை நம் ஊர்ப் புழுக்கத்திலேயே கரைந்துபோவதுண்டு. கடைசியாக, சிலிண்டரைத் திரும்ப மாட்டிக் கையிறுக்கம் பாருங்கள்.