தகரப்பெட்டியில் இருந்த பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் தாத்தாவை அழைத்துக்கொண்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். அவர் கணக்கில் நாமினி பெயரை மாற்ற வேண்டும். நான் வெளியே நகல் எடுத்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கவுண்ட்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் ஏதோ கேட்டாராம். பிறகு ஒரு படிவத்தை நீட்டி விரலால் ஓர் இடத்தைக் காட்டினாராம். என்ன படிவம் என்று கேட்டால், "அந்தத் தம்பி போடச் சொன்னார், போட்டேன்" என்கிறார் தாத்தா. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் இருந்த இந்தி எழுத்துகளின்மேல் தார் பூசலாமா என்றிருந்தது. ஐஸ் கம்பெனியில் வடக்கன், ஓட்டலில் வடக்கன், இப்போது கவுண்ட்டரிலும் வடக்கன். தமிழை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி ஆக்க ஏன் முடியாது? அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் ஆட்சிமொழி ஆக்குவது நடக்கிற காரியமா? 1965இல் மாணவர்கள் நடத்திய இந்தி எதிர்ப்புப் போராட்டம் போல இன்னொன்று வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

என் மகனைவிடச் சின்னவன் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தில் பெரிய சொற்கள் பல இருக்கின்றன. நான் திரும்பத் திரும்பப் படித்தது "போடச் சொன்னார், போட்டேன்" என்ற ஒரு வரியைத்தான். இரண்டு நாளாக அது என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 22 மொழிகள் முடியுமா? முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 24 மொழிகளை வைத்துக்கொண்டு நடக்கிறது. ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவைத் திருத்த வேண்டும்; அதற்கு டெல்லியில் மனம் வேண்டும். தார் பூசுவதா? வேண்டாம். தாத்தா எதில் கையெழுத்துப் போட்டார் என்பதைத் தார் உனக்குச் சொல்லாது. வங்கிப் படிவங்கள் இந்தி, ஆங்கிலம், அந்த மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சொல்லியிருக்கும் விதி. நீ தாரைத் தேடியதற்குப் பதிலாகத் தமிழ்ப் படிவம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டாயா?

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

1981. நான் பாம்பனில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து நான்கு மாதம். அவர் பெயரில் எங்களுக்கு வரவேண்டிய ஒரு தொகை இருந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை; அங்கே அன்று இருந்தவர்கள் யாரும் இன்று இல்லை. அம்மா பாசி எடுக்கப் போகிறவள். விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பைக்குள் போடுவாள். சாயங்காலம் துணியை அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்து, வெட்டுவெட்டாக இருக்கும். அந்தக் கையால்தான் மனுவின் கீழே பெயரெழுதினாள். மனு தமிழில். தபால் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுகிற பெரியவர் எழுதிக் கொடுத்தது.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. மேலே சிங்க முத்திரை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவார். இதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ், தாயீ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனு எழுதிய பெரியவருக்கும் ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. படிக்க வேண்டியவள் நான்தான்.

எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. நடுவில் 'ஃபர்னிஷ்' என்று ஒரு சொல். எனக்கு ஃபர்னிச்சர் தெரியும். பாடப்புத்தகத்தில் நாற்காலி, மேசை, அலமாரி என்று படம் போட்டிருந்தார்கள். "வீட்டில் என்னென்ன மரச்சாமான் இருக்கிறது என்று கேட்கிறார்கள் போல" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையைத் திருப்பி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுருட்டிய பாய், ஒரு முக்காலி, அப்பாவின் தகரப்பெட்டி. "வந்து பார்த்துக்கொள்ளட்டும், ஒளிக்க என்ன இருக்கிறது" என்று சொல்லிக் கடிதத்தை நாலாக மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தாள். அன்றிலிருந்து வாசலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தோம்.

ராமநாதபுரத்துக்குப் போய் யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை தீவைவிட்டு வெளியே போக ரயில்தான். போனால் அன்றைய பாசி போச்சு. பதில்தான் வந்துவிட்டதே, இனி அவர்கள் வருவார்கள் என்று நினைக்கிறவள் எதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டும்?

ஐந்து மாதம் கழித்து, புதிதாக வந்த ஆங்கில ஆசிரியையிடம் அந்தக் கடிதத்தை நான் எடுத்துப்போனேன். அவர் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. வாரிசுச் சான்றிதழை அறுபது நாளுக்குள் தரவேண்டும், தவறினால் கோப்பு முடிக்கப்படும் என்று எழுதியிருந்தது. 'ஃபர்னிஷ்' என்றால் அங்கே 'தரவேண்டும்' என்று பொருளாம். அவ்வளவுதான். அந்தத் தொகை வரவே இல்லை. யாரும் எங்களிடம் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் திட்டவில்லை. விதிப்படி மனுவை வாங்கினார்கள், விதிப்படி பதில் போட்டார்கள், விதிப்படி கோப்பை மூடினார்கள்.

அந்தக் கடிதத்தில் ஓர் இந்தி எழுத்துகூட இல்லை, தம்பி.

1965ஐ நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. அந்தப் பிள்ளைகள் தெருவில் இறங்கியிருக்காவிட்டால் 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலத்தைத் தொடரச் செய்திருக்க மாட்டார்கள். 1976இல் வந்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே எழுதியிருப்பதும் அவர்கள் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் அந்தப் போராட்டம் ஒரு கதவை அடைத்தது. இன்னொரு கதவை யாரும் திறக்கவில்லை. என்மேல் இந்தியைத் திணிக்காதே என்பது ஒன்று. என் மொழியில் எனக்குப் பதில் சொல் என்பது வேறொன்று. முதலாவதை வென்றுவிட்டு இரண்டாவதையும் வென்றுவிட்டதாக அறுபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலை தேடுகிறவனுக்கும் வழக்கறிஞருக்கும் ஆங்கிலம் கேடயம். பாசி எடுக்கிறவளுக்கு அது இந்தி மாதிரியே இன்னொரு பூட்டு.

அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பார். தன் குறையைத் தீர்க்கக் கோரி ஒன்றியத்தின் எந்த அதிகாரிக்கும், மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் ஒருவர் மனுக் கொடுக்கலாம் என்கிறது. அருமையான பிரிவு. ஆனால் மனுக் கொடுப்பதோடு அது நின்றுவிடுகிறது. பதில் எந்த மொழியில் வரவேண்டும் என்று ஒரு சொல் இல்லை. வாயைத் திறக்க உரிமை இருக்கிறது. காதில் விழுவது புரிய வேண்டும் என்ற உரிமை இல்லை. என் அம்மாவின் தமிழ் மனுவை அவர்கள் திருப்பி அனுப்பவில்லையே! வாங்கிக்கொண்டார்கள். 350ஆம் பிரிவு அன்று மீறப்படவே இல்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகத்திலிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில்தான் பதில் தரவேண்டும் என்று 2021இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு, மகிழ்ந்தேன். தமிழில் எழுதியவளுக்கு எந்தத் தீர்ப்பு?

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையைப் பார். சிங்களம் மட்டுமே என்று 1956இல் சட்டம் போட்ட நாடு. அந்தச் சட்டம் எத்தனை உயிரைக் குடித்தது என்று மண்டபம் அகதி முகாமைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவோ ரத்தத்துக்குப் பிறகு, 1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அங்கே எழுதினார்கள். 1988இல் செய்த 16ஆவது திருத்தத்தில் இன்னொன்றும் எழுதினார்கள்: சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் ஒருவர் தமிழில் அதிகாரிக்கு எழுதலாம், எழுதிய மொழியிலேயே அவருக்குப் பதில் வரவேண்டும். நம் 350ஆம் பிரிவு விட்டுவிட்ட வரி அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அங்கே அது ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. 1984இல் எங்கள் வகுப்பில் சேர்ந்த முகாம் பெண் ஒருத்தி, சிங்களத்தில் எழுதி நீட்டிய வாக்குமூலத்தில் தன் அப்பா கையெழுத்துப் போட்ட கதையை என்னிடம் சொல்லியிருக்கிறாள். சட்டம் வந்த பிறகும் அப்படிப்பட்ட கையெழுத்துகள் நிற்கவில்லை என்று பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். ஆனாலும் எழுதிவைத்த உரிமையை நீதிமன்றத்தில் நீட்டிக் கேட்கலாம். எழுதாத உரிமையை எதைக் காட்டிக் கேட்பது?

இதையும் யோசித்துப் பார். ராமேசுவரம் விசைப்படகு பிடிபட்டு நம் மீனவர்களை இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அங்கே வடக்கு மாகாணத்தில் நீதிமன்ற மொழி தமிழ். அவன்மேல் என்ன குற்றம் என்பது அவனுக்குத் தன் மொழியில் காதில் விழுகிறது. அவனை மீட்டுத் தரும்படி அவன் மனைவி தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக் கிளைக்குப் போனால் வழக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் இருக்கிறது. தமிழுக்கும் அந்த இடம் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது, கிடைக்கவில்லை. அவள் பின்பெஞ்சில் உட்கார்ந்து வக்கீலின் முகத்தைப் பார்த்து ஜெயித்ததா தோற்றதா என்று ஊகிக்கிறாள். பார்த்திருக்கிறேன்.

2019இல் அஞ்சல் துறை, தபால்காரர் வேலைக்கான தேர்வை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்தியது. மாநிலங்களவையில் நம்மவர்கள் சண்டை போட்ட பிறகு அந்தத் தேர்வை ரத்துசெய்தார்கள். செய்தி வந்தபோது எங்கள் தெருவுக்குக் கடிதம் படித்துக் காட்டிய அந்த மனிதர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

சரி, இனி உன்னைத் திட்ட வேண்டும். ஒரே வாக்கியத்தில் மூன்று முறை 'வடக்கன்' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை என் தளத்தில் இனி யாரும் எழுதினால் கடிதத்தை வெளியிட மாட்டேன்.

போன மாதம் இந்தக் கரையில் ஓர் அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று நர்ஸ் தமிழில் கேட்டார். அவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள் என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை, மறுபடி மூன்று விரலைக் காட்டினார். நர்ஸ் குரலை உயர்த்தினார். என் பக்கத்தில் ராமேசுவரம் கோயிலில் யாத்திரிகர்களை 22 தீர்த்தங்களுக்கும் அழைத்துப்போகிற வழிகாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்து வயதிலிருந்து சன்னிதித் தெருவில் யாத்திரிகர்களிடம் பேசிப் பேசி இந்தி பழகியவர். எழுந்துபோய்க் கேட்டார். ஒடிசாக்காரருக்கும் அரைகுறை இந்திதான். காலையிலிருந்து பிள்ளைக்கு மூன்று முறை வலிப்பு வந்திருக்கிறது. உடனே ஆம்புலன்ஸில் ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தகப்பனுக்கும் உன் தாத்தாவுக்கும் என்ன வித்தியாசம், சொல். கவுண்ட்டரில் இருந்த பையனையும் நினைத்துப் பார். தமிழ் தெரியாதவனைத் தமிழ் பேசும் ஊரில் கொண்டுவந்து உட்காரவைத்தது அவனல்ல. அவனுக்குத் தமிழ் கற்றுத்தராமல் அனுப்பிய நிர்வாகம். நம் பரமக்குடியில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிற நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நீ கேட்கிற 22இல் அவர்கள் மொழி இல்லை. அவர்களுக்காக என்றைக்காவது ஒரு வரி எழுதியிருக்கிறாயா? நானும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை தாத்தாவை அழைத்துக்கொண்டு அந்தக் கிளைக்குப் போ. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் வேண்டும் என்று தமிழில் ஒரு மனு எழுது. வாடிக்கையாளருக்கான படிவங்கள் தமிழிலும் இருக்க வேண்டும் என்ற விதியைக் குறிப்பிடு. கடைசி வரியில், பதிலைத் தமிழில் தரும்படி கேள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள். அந்தப் பையனிடம் குரலை உயர்த்தாதே. மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாத்தாவிடம் கொடுத்து, மெதுவாக, முழுதாகப் படிக்கச் சொல். அவசரப்படுத்தாதே. கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

பதில் வந்தால் எனக்கு அனுப்பு. வராவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அம்மா