பெருமையாகச் சொன்ன 'கூலி'

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பணிபுரியும் என் மகள், "எங்கள் தாத்தா கூலி வேலை செய்துதான் அப்பாவைப் படிக்க வைத்தார்" என்று தமிழ் வம்சாவளித் தோழி ஒருவரிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். தோழி முகம் சுருங்கிப் பேச்சையே நிறுத்திவிட்டாராம். அவருடைய தம்பியோ தன்னையே 'கூலி' என்று சொல்லிக்கொள்கிறாராம். என் மகள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளின் எண்ணத்தில் குற்றமில்லை. "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் சொன்ன சொல்லைத்தான் அவர் சொன்னார். தோழிக்குக் கேட்டதோ தம் முன்னோர்மீது வீசப்பட்ட வசை.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது. டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வேலையைக் குறித்த 'கூலி' என்ற பெயர், நாளடைவில் வெள்ளையர் வாயில் இந்தியர் அனைவருக்கும் உரிய இழிபெயராயிற்று. 1893இல் அங்கு சென்ற காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். அதிலிருந்து தப்பிக்க முஸ்லிம் வணிகர்கள் தங்களை 'அராபியர்' என்று சொல்லிக்கொண்டதை அவர் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி'யும் அங்கே ஏளனப் பெயரானதை அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

தம்பியின் போக்குக்கும் ஒரு மரபு உண்டு. மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் வெளிவந்த தம் கவிதைகளில், அந்த இழிசொல்லையே வேராகக் கொண்டு 'கூலித்துவம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கடற்பயணத்தையும் கலப்புற்ற பண்பாட்டையும் வெட்கப்படாமல் பேசும் அந்த வழியை, கரீபியன் நாடுகளில் வேர்கொண்ட எழுத்தாளர்கள் உட்படப் பலர் ஏற்றுக்கொண்டார்கள். தம்பியும் அந்த உணர்வோடுதான் சொல்கிறார் என்று எண்ணுகிறேன். ஆனால் அது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அக்காவுக்கே அதில் உடன்பாடில்லாதபோது, நம் ஊரிலிருந்து சென்றவர் அதை உரிமையோடு எடுத்தாள்வது முறையன்று.

உங்கள் மகள் தோழியைத் தனியே சந்தித்து, "உங்களை வருத்தியதற்கு மன்னியுங்கள்" என்று முதலில் சொல்லட்டும். பிறகு தாத்தா யாருடைய வயலில் நாற்று நட்டார், கதிர் அறுத்தார், அன்றாடம் என்ன கிடைத்தது என்பதையெல்லாம் விவரமாகச் சொல்லட்டும். தம்பியைச் சான்றுக்கு இழுக்க வேண்டாம். அங்கே ஆங்கிலத்தில் பேசும்போது 'விவசாயத் தொழிலாளி' என்ற பொருள் தரும் சொல்லே போதும். வீட்டில் உங்களோடு பேசும்போது கூலி என்றே சொல்லட்டும்.