குதிரைத்திறனைக் கூட்டினால் தண்ணீர் ஏறுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் பத்து ஆண்டுகள் பழுதின்றி ஓடிய மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த அரை எச்.பி. (குதிரைத்திறன்) மோனோபிளாக் பம்பை, ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டுக்கு எடுத்து வந்தேன். அங்கே கிணற்று மேட்டில் இருந்தபடியே ஏழு மீட்டர் ஆழத்து நீரை இறைத்தது. இங்கே காப்பித் தோட்டத்துக் கிணற்றில் நீர் ஆறரை மீட்டரில்தான் நிற்கிறது. ஆனாலும் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது; பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்கிறது. குழாயின் அடியில் நீரைத் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வையும் மாற்றிவிட்டேன். "அரை எச்.பி. இழுக்காது, ஒரு எச்.பி. வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் பம்பில் பழுதே இல்லை. அது மலையேறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. மோர் கடையும்போது பானையின் நடுவில் குழி விழுந்து, மோர் ஓரமாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சக்கரமும் அதைத்தான் செய்கிறது. தண்ணீரை ஓரத்துக்கு வீசி மேலே அனுப்புகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பக் கிணற்று நீரைக் கீழிருந்து தள்ளி ஏற்றுவது, நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று.

அந்தக் காற்றின் பலத்துக்கு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலம் நகரில் ஏறத்தாழ 10 மீட்டர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டிலோ எட்டரை மீட்டரைச் சற்றே தாண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வரும்போது காது அடைக்கிறதே, அதே காரணம்தான். இந்த எட்டரையிலும் குழாயின் உராய்வுக்கு, பம்பு தன் தேவைக்கு என்று இரண்டு, மூன்று மீட்டர் கழிந்துவிடும். அம்மாப்பேட்டையில் ஏழு மீட்டரில் ஓடிய பம்புக்கு உங்கள் தோட்டத்தில் ஐந்தரை மீட்டரே எல்லை. ஆறரையில் நீர் வந்து சேர்வதற்குள் குழாய்க்குள்ளேயே ஆவிக்குமிழிகள் உண்டாகி, இம்பெல்லரில் மோதி உடைகின்றன. நீங்கள் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அரித்துப் போகும். இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

ஒரு எச்.பி. பம்பு வாங்கினாலும் காற்றின் பலம் கூடப்போவதில்லை. பெரிய பம்பு அதிக நீர் கேட்கும். அதே குழாயில் உராய்வு கூடும். நிலைமை மோசமாகவே ஆகும். ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் கடைக்காரர் இப்படி ஒரு செலவைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிணற்றுக்குள் இரண்டு மீட்டர் கீழே திட்டு அமைத்து இதே பம்பை இறக்கி வைத்தால் ஓடும். ஆனால் மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால் மோட்டார் மூழ்கிவிடும். அதனால் நீருக்குள்ளேயே கிடந்து ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்பை வாங்குங்கள், அரை எச்.பி.யே போதலாம். நீரை அது கீழிருந்து தள்ளுவதால் மேற்சொன்ன எல்லை அதற்கு இல்லை. எர்த் இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் மட்டும் அதை இறக்க வேண்டாம். பழைய பம்பை விற்றுவிடாதீர்கள். தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு ஏற்ற இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீடு கட்டியிருக்கிறோம். கடையில் ஒரே விலையில் இரண்டு பம்புகள் காட்டினார்கள். ஒன்றில் அதிகபட்ச ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) 40 மீட்டர், மற்றொன்றில் 24 மீட்டர். அதிகம் உள்ளதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: லாபமில்லை ஐயா. முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்துவிடுங்கள். தரைத்தொட்டியின் அடிமட்டத்திலிருந்து மாடித்தொட்டியில் நீர் விழும் வாய் வரை நேர் உயரம் எவ்வளவு? 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாய் உராய்வுக்கும் எல்போ எனும் வளைவுகளுக்கும் இரண்டு, மூன்று மீட்டர் சேருங்கள். உங்கள் வீட்டின் ஹெட் 15 மீட்டர்.

இனி பம்பின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஹெட் 6 முதல் 24 மீட்டர், நீர் மணிக்கு 2,600 முதல் 500 லிட்டர் என்பது போல இரண்டு வரிசை இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 24 மீட்டர் உயரத்துக்கு 2,600 லிட்டர் வராது. ஆறு மீட்டரில் 2,600, இருபத்து நான்கில் 500 என்று எதிரெதிராகப் பொருத்திப் படிக்க வேண்டும். அதிகபட்ச ஹெட்டில் நீரே வராத நிலையும் உண்டு. உங்கள் 15 மீட்டர் எந்தப் பம்பின் வரிசைக்கு நடுவில் விழுகிறதோ, அதுவே உங்கள் பம்பு. இங்கே 24 மீட்டர் பம்பு.

40 மீட்டருக்கு வடிவமைத்ததைப் பதினைந்தில் ஓட்டினால் அது அளவுக்கு மீறி நீரைத் தள்ளும். நீர் கூடக்கூட மோட்டார் வாங்கும் மின்சாரமும் கூடும்; சூடேறி வைண்டிங் (மோட்டாரின் கம்பிச்சுருள்) கருகும். பிறகு பழியைப் பம்பின் மேல் போடுவோம். குழாயில் முக்கால் அங்குலத்துக்கு இறங்கிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். அதே அளவு நீர் ஒரு அங்குலக் குழாயில் படும் உராய்வைவிட அதில் ஏறத்தாழ மூன்று மடங்கு படும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து, அதன் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபாருங்கள். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

கேள்வி: தினமும் காலையில் பம்புக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது. பம்பை மாற்ற வேண்டுமா?
– கொண்டலாம்பட்டி

பதில்: பம்பை விட்டுவிட்டு, அதன் கீழே பாருங்கள். இரவு நிறுத்தியதும் ஊற்றும் துளை வரை நீர் நிரப்பி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள ஃபுட் வால்வு நீரைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு சிறு கல்லோ பாசியோ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவியும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

மட்டம் இறங்கவில்லை, ஓடும்போது மட்டும் நீர் துப்பித் துப்பி வருகிறது என்றால், உறிஞ்சும் குழாயின் ஏதோ ஒரு இணைப்பு காற்றை உள்ளே விடுகிறது. அந்த ஒழுகலை வெளியே பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே நீர் கசிவதற்குப் பதில் காற்று நுழைகிறது. பம்பை ஓடவிட்டு இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே போகும் இடம்தான் ஓட்டை. குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கிச் சிறிதாவது ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும்.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை.
– ஓமலூர்

பதில்: உடனே நிறுத்துங்கள், ஓரிரு நிமிடத்தில் வைண்டிங் எரிந்துவிடும். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு அல்லது அழுக்கு. எளிதாகச் சுற்றினால், பழுது பெரும்பாலும் மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் கெபாசிட்டரில்தான். அதில் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்ற வேண்டும். நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மாற்றும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: சேலத்தில் வாங்கிய மும்முனை சப்மெர்சிபிள் மோட்டார் ஐந்து மாதத்தில் எரிந்துவிட்டது. மின்சாரம் சரியில்லாததால் எரிந்தது, வாரண்டி கிடையாது என்று கடையில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– விவசாயி, ஆத்தூர்

பதில்: எரிந்த மோட்டாரே சாட்சி சொல்லும். மூன்று முனைகளில் ஒன்று அறுந்த நிலையில் ஓடியிருந்தால், வைண்டிங்கின் ஒரு பகுதி கருகி, மறு பகுதி புதிதுபோல் இருக்கும். அதிகச் சுமையாலோ நீரின்றி ஓடியதாலோ எரிந்தால் முழுவதும் ஒரே சீராகக் கருகும். ஆகவே உங்கள் முன்னிலையில் திறக்கச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முனை அறுந்ததன் அடையாளம் தெரிந்தால் மோட்டாருக்கு மின்சாரம் தரும் பேனல் போர்டைச் சரிசெய்யாமல் அடுத்த மோட்டாரை இறக்காதீர்கள், அதுவும் போகும்.

அப்படி எந்த அடையாளமும் இல்லையென்றால் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பில், வாரண்டி அட்டை, படங்களின் நகல்களுடன் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதுவரை எரிந்த செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.