லண்டனின் முதல் பயணிகள் ரயில்பாதை: எங்கே இறங்கிப் பார்ப்பது?

கேள்வி: மகளைப் பார்க்க லண்டன் போகிறேன். 1836-இல் செங்கல் வளைவுகள் மேல் ஓடத் தொடங்கிய கிரீனிச் ரயில்பாதையைப் பார்க்க ஆசை. அரை நாள்தான் கிடைக்கும். எங்கே போகலாம்?

பதில்: லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ஏறி கிரீனிச்சில் இறங்கினால் வீட்டுக் கூரைகளைத்தான் பார்த்திருப்பீர்கள். வளைவுகள் காலுக்குக் கீழே அல்லவா இருக்கின்றன! அதனால் வழியில் டெட்ஃபோர்டிலேயே இறங்கிவிடுங்கள். நிலையத்தை ஒட்டி ஒரு சரிவுப் பாதை இருக்கிறது. வண்டிகளை ரயில் மட்டத்துக்கு ஏற்றுவதற்காகக் கட்டியது. அதற்கும் கீழே வளைவுகள்தான். இன்று அவற்றில் சின்னச் சின்னக் கடைகள் நடக்கின்றன. பக்கத்தில் நின்று செங்கல்லைத் தொட்டே பார்க்கலாம்.

ஏன் இப்படித் தூக்கிக் கட்டினார்கள்? தரையில் போட்டால் தெருவுக்குத் தெரு குறுக்கே வெட்ட வேண்டும். மண்மேடு போட்டாலோ அகலமாக நிலம் வாங்க வேண்டும். ராணுவப் பொறியாளரான லாண்ட்மன் 878 வளைவுகளை வரிசையாக நிறுத்தினார். சுமார் 6 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 6 கோடி செங்கல். 1836 பிப்ரவரி 8 அன்று இடையிலிருந்த ஸ்பா ரோடு நிலையம் முதல் டெட்ஃபோர்டு வரை ரயில் ஓடியது. டிசம்பரில் லண்டன் பிரிட்ஜை எட்டியது. கிரீனிச்சுக்குப் போக 1838 ஆனது.

வளைவுகளுக்குள் வீடு கட்டி வாடகைக்கு விடுவதுதான் கம்பெனியின் திட்டம். மாதிரி வீடுகள்கூடக் கட்டினார்கள். ஆனால் மேலிருந்து தண்ணீர் கசிந்தது, தலைக்கு மேல் ரயில் இரைந்தது. யார் குடியிருப்பார்கள்? கடைசியில் பட்டறை, கிடங்கு, லாயம் என்று ஆகிவிட்டன. தண்டவாளத்தை முதலில் கருங்கல் துண்டுகளில் பதித்திருந்தார்கள். கருங்கல் துளியும் நெகிழாது, அதிர்வெல்லாம் கட்டுமானத்தில் இறங்கியது. அப்புறம்தான் மரக்கட்டைக்கு மாறினார்கள். இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

நேரம் மிஞ்சினால் பெர்மண்ட்சி பக்கம் மால்ட்பி தெருவுக்கு வாருங்கள். சனி, ஞாயிறில் வளைவுகளை ஒட்டிச் சாப்பாட்டுச் சந்தை கூடும். அங்கே பாதையைப் பலமுறை அகலப்படுத்திவிட்டதால் வெளிமுகம் பழையது என்று நம்பிவிடாதீர்கள். குறுக்கே போகும் தெருவில் பாலத்துக்கு அடியில் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். செங்கல்லின் நிறமும் அடுக்கும் மாறும் இடம் தெரிந்தால், அதுதான் அகலப்படுத்தியபோது சேர்த்த ஒட்டு.